வெஸ்ட் பொயின்டில் ஒரு மட்ச்

அமெரிக்கன் ஃபுட்போல் எங்களுக்குப் பெரிசா விளங்காது. ஆனா கார்லைல் டீமின் 1912 சீசனை வாசிக்கத் தொடங்கினா நிப்பாட்ட ஏலாது.

பென்சில்வேனியாவில் இருந்த கார்லைல், அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென 1879இல் தொடங்கின விடுதிப் பள்ளிக்கூடம். போன உடனே தலைமயிரை வெட்டுவினம், பெயரை மாத்துவினம், தாய்மொழியில் கதைக்க விடமாட்டினம். அந்தப் பெடியங்கள்தான் பெரிய பல்கலைக்கழகங்களோட மோதினவை. 1911இல் ஹார்வர்டை 18–15 எண்டு வெண்டினம். அடுத்த வருசம் நவம்பர் 9ஆம் திகதி, வெஸ்ட் பொயின்டில் வைத்தே இராணுவக் கல்லூரி அணியை 27–6 எண்டு தோற்கடிச்சினம். அதே இராணுவம் வூண்டட் நீயில் படுகொலை செய்து 22 வருசம்தான் ஆகியிருந்தது. கார்லைலுக்கு ஆடின ஜிம் தோர்ப் அந்தக் கோடையில்தான் ஸ்டொக்ஹோமில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் எடுத்திருந்தவர். எதிரணியில் நிண்டவர்களில் பின்னாள் ஜனாதிபதி ஐசன்ஹோவரும் ஒருத்தர்.

பழி தீர்த்திட்டாங்கள் எண்டு கதையை முடிக்க எங்களுக்கும் ஆசைதான். ஆனா ஒவ்வொரு வெற்றியும், பிள்ளைகளைத் "திருத்தின" அந்தப் பள்ளிக்கூடத்துக்கு விளம்பரமாயும் போனது. மட்ச் வெண்டதால ஒருத்தருக்கும் மொழி திரும்பக் கிடைக்கேல்ல. 1918இல் கார்லைல் மூடப்பட்டது. அங்க செத்துப் புதைக்கப்பட்ட பிள்ளைகளில் சிலரின் எச்சங்கள் 2017க்குப் பிறகுதான் சொந்தக்காரரிட்டப் போய்ச் சேர்ந்திருக்கு.