கால் இல்லாத நாற்காலி

இருக்கை என்ற சொல்லைக் கேட்டால் பல்கலைக்கழகங்களில் நிறுவப்படும் தமிழ் இருக்கைதான் எங்கள் நினைவுக்கு வரும். தொழில் அப்படி. பியர் பீப்பாயை அறுத்து இருக்கை செய்யும் ஒரு கொட்டகையில் கோடை விடுமுறையின் பாதியைக் கழிப்போம் என்று நாங்கள் எண்ணியதேயில்லை.

2023ஆம் ஆண்டு மே மாதம் நாங்கள் இருவரும் கலிபோர்னியாவில் அண்ணன் வீட்டுக்குச் சென்றிருந்தோம். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே, மொஹாவி பாலைநிலத்தின் ஓரத்தில் இருக்கும் பாம்டேல் என்னும் ஊர். விமான உறுப்புகள் எவ்வளவு விசையைத் தாங்கும் என்று கணக்கிடுவது அண்ணனின் வேலை. முப்பது ஆண்டுகளாக அதையே செய்கிறார். அவருடைய மகனுக்குப் பத்தொன்பது வயது. பொறியியல் படிப்பை ஓராண்டோடு நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுப் பெரியவரின் கொட்டகையே கதியென்று கிடந்தான். தந்தைக்கும் மகனுக்கும் பேச்சு அறவே நின்றிருந்தது. கல்லூரியில் பாடம் நடத்தும் நாங்கள் சொன்னால் பையன் கேட்பான் என்று அண்ணி நம்பியிருந்தார். விமானச் சீட்டு அனுப்பியதன் காரணம் எங்களுக்கு அங்கே போன பிறகுதான் விளங்கியது.

பெரியவர் கட்டிக்கொண்டிருந்தது ஹாட் ராட். பழைய காரின் கூட்டை வைத்துக்கொண்டு, வேகத்துக்கு உதவாத எடையையெல்லாம் களைந்து, வலுவான இயந்திரத்தைப் பொருத்திய வண்டி. 1929ஆம் ஆண்டின் ஃபோர்டு மாடல் ஏ அவருடையது. அதற்குள் பின்னாளைய வி8 இயந்திரம் ஒன்றை இறக்கியிருந்தார்.

இந்தக் கலை பிறந்த மண்ணும் அதுதான். 1932இல் ஃபோர்டு நிறுவனம் விலை குறைந்த காரிலேயே எட்டு சிலிண்டர் இயந்திரத்தை வைத்து விற்றது. சில ஆண்டுகளில் அவை பழைய வண்டிகளாகிக் கையில் காசில்லாத இளைஞர்களிடம் வந்துசேர்ந்தன. மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிகளின் தட்டையான தரையில் அவர்கள் வேகம் பார்த்தார்கள். அதை ஒழுங்குபடுத்தத் தென் கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கம் 1937இல் உருவாயிற்று. மியூராக் இன்று எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்குள் அடங்கிவிட்டது. போர் முடிந்ததும் விமான உதிரிகள் மலிவாகக் கிடைத்தன. 1946இல் பில் பர்க் என்பவர் போர்விமானத்தின் கழற்றிவிடும் எரிபொருள் தொட்டியையே பந்தயக் காரின் உடலாக்கினார். குண்டுவீச்சு விமானங்களின் அலுமினிய இருக்கைகள் இந்த வண்டிகளில் ஏறியதும் இப்படித்தான். எடை குறைவு, விலையும் குறைவு. அவற்றில் வரிசையாக இருக்கும் வட்டத் துளைகளை அழகுக்காகப் போட்டவை என்றே நாங்கள் நினைத்தோம். துளையிட்டால் எடை குறையும், துளையின் விளிம்பை மடித்துவிட்டால் தகட்டுக்கு விறைப்புக் கூடும் என்று பையன் விளக்கினான். எங்கள் வகுப்பில் இவ்வளவு தெளிவாக விளக்கும் மாணவன் அமைந்தால் மகிழ்ந்திருப்போம்.

ஓட்டுநர் இருக்கை முன்பே தயாராக இருந்தது. பெரியவரின் தந்தை உழுத டிராக்டரிலிருந்து கழற்றியது. தொடைகளின் வடிவுக்குக் குழித்து அழுத்திய இரும்புத் தட்டு. மழைநீர் தேங்காமல் வடிவதற்கு அதில் துளைகள் உண்டு. வயலில் அது ஒற்றைப் பட்டை வில்லின் மேல் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. பெரியவர் அதற்குக் கம்பளம் ஒன்றை மடித்துப் போட்டிருந்தார்.

பக்கத்து இருக்கைக்குத்தான் பீப்பாய். 15.5 காலன், ஏறத்தாழ 59 லிட்டர் கொள்ளும் துருவேறா எஃகுப் பீப்பாய். வைப்புத் தொகை கட்டிக் கடையிலிருந்து எடுத்துவரும் பீப்பாய் நமக்குச் சொந்தமாகாது, அது என்றைக்கும் மதுவடிப்பவருடையதே என்றார் பெரியவர். ஆகவே முறையாக விலைக்கு வாங்கியிருந்தார். அழுத்தத்தை வெளியேற்றி, வால்வைக் கழற்றிய பிறகே அறுவைச் சக்கரத்தைத் தொட்டார்கள். நிறுத்திவைத்த பீப்பாயின் முன்பக்கத்தை அறுத்தெடுத்தார்கள். பின்பக்கம் முதுகைத் தாங்க நின்றது. வெட்டிய விளிம்பு கத்தியாக இருந்தது. நீளவாக்கில் கீறிய ரப்பர்க் குழாயை அதன்மேல் கவ்வவிட்டார்கள்.

பீப்பாயின் குறுக்களவு பதினாறு அங்குலம். பெரியவரின் இடுப்பு அதில் நுழையவில்லை. எங்களுள் ஒருவருக்கும் நுழையவில்லை. அது யார் என்பது குடும்ப ரகசியம். பையனுக்கு மட்டும் அளவெடுத்ததுபோல் பொருந்திற்று. பிளாஸ்டிக் பைக்குள் இருவகைத் திரவங்களைக் கலந்து ஊற்றி, அது நுரைத்துப் பொங்கும்போது அவனை அதன்மேல் உட்காரவைத்தார்கள். பந்தயக்காரர்கள் இப்படித்தான் உடலின் அச்சை எடுப்பார்களாம். நுரை இறுகியதும் அவன் எழுந்தான். அவனுடைய முதுகு அங்கேயே இருந்தது.

அளவு பார்ப்பதற்காக இருக்கையை ஒட்டுப்பலகைத் தரையில் நான்கு போல்ட்டுகளால் தற்காலிகமாக முடுக்கியிருந்தார்கள். இடுப்புப் பட்டையும் இப்போதைக்கு இருக்கையோடேயே பிணைக்கப்பட்டிருந்தது. "ஒரு சுற்றுப் போய்வரலாமே" என்று ஆசைப்பட்டவர்கள் நாங்கள். ஊருக்குப் போய்க் காட்டப் படம் வேண்டும் என்றோம். பெரியவர் தயங்கினார். விருந்தினர் சொல்லை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை.

தெருமுனையில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. பெரியவர் பிரேக்கை அழுத்தினார். வேகம் மிகக் குறைவுதான். ஆயினும் பீப்பாய் முன்னால் சாய்ந்ததை நாங்கள் நடைபாதையிலிருந்து கண்ணால் பார்த்தோம். பையன் இரு கைகளையும் முன்பலகையில் ஊன்றிக்கொண்டான். காயமில்லை. வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து கீழே பார்த்தபோது, பின்பக்கத்து இரண்டு போல்ட்டுகளின் வாஷர்கள் பலகைக்குள் புதைந்திருந்தன. இருக்கைக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. அண்ணியின் முகத்தைப் பார்க்க எங்களால் முடியவில்லை.

அன்றிரவு உணவு முடிந்ததும் அண்ணன் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். ஓராண்டாக அவர் கால் வைக்காத இடம். கோபத்தில் எதையாவது உடைத்துவிடுவாரோ என்று நாங்கள் பின்னாலேயே ஓடினோம். அவர் சிமென்ட்டுத் தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். வெகுநேரம் அங்கிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. பிறகு, "ஸ்பானர் எடு" என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை. பையன் எடுத்துக்கொண்டு மறுபக்கத்திலிருந்து உள்ளே நுழைந்தான். நான்கு பாதங்கள் மட்டும் எங்களுக்குத் தெரிந்தன.

"உன் எடை எழுபது கிலோ. மோதும்போது வண்டி நிற்கும், நீ நிற்கமாட்டாய். எடையைப்போல் இருபது மடங்கு என்று வைத்துக்கொண்டால் ஆயிரத்து நானூறு கிலோ. அதைப் பிடிக்க இந்தப் பலகையா?"

"தெரியும்பா. தற்காலிகம்தான்."

"மோதல் அதைக் கேட்டுக்கொண்டு வராது."

கொஞ்சம் பொறுத்து அவரே தொடர்ந்தார். "பட்டை இருக்கையைப் பிடிக்கக்கூடாது, சட்டத்தைப் பிடிக்கவேண்டும். இருக்கை பெயர்ந்து போனாலும் நீ போகக்கூடாது." கார் செய்யும் நிறுவனங்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்பு விதி, இடுப்புப் பட்டை மட்டும் உள்ள இடத்தில் அதன் பிடிமானம் 5000 பவுண்டு, அதாவது சுமார் 2270 கிலோ இழுவிசையைத் தாங்கவேண்டும் என்கிறது. அந்த எண்ணை அவர் புத்தகம் பார்க்காமல் சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை. மூவரும் சேர்ந்து அடிச்சட்டத்தின் இரு நீளத் தண்டுகளுக்கும் இடையே குறுக்கு இரும்புகளை வெல்டிங் செய்தார்கள். இருக்கையின் போல்ட்டுகள் பலகையைத் துளைத்துக்கொண்டு அந்த இரும்பில் போய்ப் பற்றின. பட்டைக்குத் தனியே தடித்த தகடுகளைச் சட்டத்தோடு சேர்த்தார்கள். பெரியவர் தம் டிராக்டர் இருக்கையையும் கழற்றிக் கொடுத்து, "இதையும் பாருங்கள்" என்றார். அதற்கும் அடியில் இரும்பு வந்தது.

பையன் கல்லூரிக்குத் திரும்பவில்லை. அதைப்பற்றி நாங்கள் அவனிடம் பேசவுமில்லை. பேசும் தகுதியை அந்தத் தெருமுனையில் இழந்துவிட்டோம். தந்தையும் மகனும் நாங்கள் புறப்படும்வரை போல்ட்டைப் பற்றியும் தகட்டைப் பற்றியும் மட்டுமே பேசிக்கொண்டார்கள். அண்ணிக்கு அது போதுமானதாக இருந்தது.

பீப்பாய் தான் சுமந்த மதுவை மறந்துவிடலாம். டிராக்டர்த் தட்டு உழவை மறந்துவிடலாம். இருக்கை என்று பெயர் வாங்கியபின் உட்கார்ந்திருப்பவரை மறக்க அதற்கு உரிமையில்லை. புதுமையின் அழகில் நாங்கள் அதைத்தான் மறந்திருந்தோம்.

மூன்று கால் இருந்தால் முக்காலி, நான்கு கால் இருந்தால் நாற்காலி என்று கால்களை எண்ணிப் பெயர் வைத்த மொழி நம்முடையது. காரின் இருக்கைக்குக் கால்கள் இல்லை என்றே அதுவரை நினைத்திருந்தோம். அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு நான்கையும் எங்களுக்குக் காட்டினார்.