வினாப் பெட்டி

இம்மலருக்கு இலக்கியக் கட்டுரை ஒன்று தருமாறு துறைத்தலைவர் பணித்திருந்தார். அவர் பொறுத்தருள்க, நான் எழுத நேர்ந்தது வேறொன்று.

1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது முதல், கல்லூரிகளில் அதுபற்றிய சொற்பொழிவுகளுக்குக் குறைவில்லை. பேசுவோர் மேடையில், கேட்போர் வாய்மூடி. செஞ்சுருள் சங்கப் பொறுப்பேற்ற ஆண்டு நானும் அவ்வாறே பேசினேன். பெயரிடாமல் வினவ, ஆசிரியர் அறை வாயிலில் பெட்டியொன்றும் வைத்தேன். ஒரு திங்கள் கழித்துத் திறந்தால், உள்ளே ஒரு பேருந்துச் சீட்டு!

சங்கத்தில் பயிற்சி பெற்ற மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் அப்பெட்டியை விடுதிக்கு எடுத்துச் சென்றார். பத்தே நாளில் நிரம்பிற்று. தமிழாசிரியனாகிய எனக்கே சில சொற்களுக்கு அவர்தாம் பொருள் கூற வேண்டியிருந்தது.

ஒரு சீட்டில், வலி மாத்திரையைக் கரைத்து நால்வர் ஒரே ஊசியில் ஏற்றிக்கொண்டதாகவும், ஊசியை வெந்நீரில் கழுவியது போதுமா என்றும் எழுதியிருந்தது. நானாயின் அறிவுரை பொழிந்திருப்பேன். அவரோ அன்றிரவு உணவுக்கூடத்தில் எவரையும் சுட்டாமல் விடை கூறினார்: வெந்நீர் போதாது, எச்.ஐ.வி.யும் கல்லீரலைத் தாக்கும் கிருமிகளும் அவ்வழியே பரவும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், பெயர் வெளிவராது. தொற்றிய சில வாரங்கள் சோதனையில் தென்படாமலும் போகலாம், ஆதலின் மீண்டும் செல்ல வேண்டும். 1097 என்ற தொலைபேசி எண்ணையும் கூறி, "வேண்டுவோருடன் நானே வருகிறேன்" என்றார்.

செய்தியறிந்த ஜமாஅத் பெரியவர் ஒருவர், நாணம் ஈமானின் கிளையன்றோ என்று வருந்தினார். மெய்தான். மார்க்க விளக்கம் கேட்டறிய நாணம் தடையாகாத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) போற்றியதை நினைவூட்டினேன். அவர் மறுமொழி கூறவில்லை. ஆயினும் அடுத்த பயிற்சி நாளின் தேநீர்ச் செலவை அவரே ஏற்றார்.

நால்வரில் இருவர் அம்மாணவருடன் சென்று வந்தனர். மற்றவர் எவரென்று நான் கேட்கவில்லை. "அவர்களை எண்ணி மூன்று இரவாக உறக்கமில்லை ஐயா" என்றார் அவர். பிறர் சுமையைக் கேட்கப் பயிற்றுவித்த நாங்கள், கேட்ட பின் அதை எங்கே இறக்கிவைப்பதென்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லித்தரவில்லை. அன்று மாலை முழுதும் அவருடன் விளையாட்டுத் திடலில் அமர்ந்திருந்தேன்.