காது மெஷினும் கம்ப்யூட்டர் ஃபேனும்

வீட்டில் ஓயாமல் கேட்கும் சத்தம், கொஞ்ச நாளில் சத்தமாகவே தெரியாமல் போய்விடும். ஃப்ரிட்ஜின் உறுமல், சீலிங் ஃபேனின் 'கடக் கடக்', யு.பி.எஸ்.ஸின் முனகல் எல்லாம் அப்படித்தான். கரன்ட் போன நிமிடத்தில்தான், 'அப்பாடா, என்ன அமைதி!' என்று தோன்றும். இது நம் மூளை நமக்குச் செய்யும் உபகாரம். மாறாத இரைச்சலை ஒதுக்கிவிட்டு, பேச்சை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுக்கும். வயதாகிக் காது மந்தமானவர்களுக்கு இந்த உபகாரம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் இதைக் காட்டிக் கொடுத்தது என் மகனின் கணக்கு நோட்டு. அதில் சிக்கிய குற்றவாளி, என் கம்ப்யூட்டருக்குள் ஓடிக்கொண்டிருந்த ஃபேன்கள்.

ஆலங்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் நான், ஏழாவது படிக்கும் மகன், 74 வயது அத்தை. ஸ்டுடியோக்களுக்குக் கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுப்பது என் வேலை. முகூர்த்த மாதங்களில் ஆயிரக்கணக்கில் போட்டோக்கள் வந்து குவியும். லேப்டாப் அதற்குத் தாங்காது என்பதால், ஒரு கடையில் சொல்லி அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன். அது இருப்பது ஹாலில். அத்தையின் கட்டிலும் அதே ஹாலில்தான்.

போன வருஷம் அத்தைக்குக் காது மெஷின் வாங்கினோம். காதுக்குப் பின்னால் மாட்டுகிற ரகம். கணவர் மூன்று மாதம் ஓவர்டைம் பார்த்து அனுப்பிய பணம் அது. முதல் இரண்டு நாள் அத்தை, தெருவில் போகும் ஐஸ் வண்டி மணியைக்கூட எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு மெஷின், காதில் இருந்த நேரத்தைவிட டப்பாவில் இருந்த நேரம் அதிகமாகிவிட்டது. கேட்டால், "இரைச்சலா இருக்குத்தா. மண்டைக்குள்ள மாவு மில்லு ஓடுது" என்பார்.

கணவர் தினமும் இரவு ஏழரை மணிக்கு வீடியோ காலில் வருவார். அங்கே அப்போது பத்து மணி. அத்தை திரையில் மகனைப் பார்த்துச் சிரிப்பார், கையை ஆட்டுவார். "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்பார். பதில் காதில் விழாது. போனை என்னிடம் நீட்டிவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்துகொள்வார். "அம்மா ஏன் என்கூட பேசவே மாட்டேங்கிறாங்க?" என்று அவர் கேட்கும்போது எனக்குச் சொல்லப் பதில் இருக்காது.

மெஷினை எடுத்துக்கொண்டு, அதைப் பொருத்திக்கொடுத்த ஆடியாலஜிஸ்டிடம் போனோம். சோதித்துப் பார்த்துவிட்டு, "மெஷின்ல பழுது இல்லம்மா. பாட்டி எப்போ கழற்றுறாங்க, எப்போ மாட்டுறாங்கன்னு ஒரு வாரம் எழுதிட்டு வாங்க" என்றார். மகன் அந்த வேலையை எடுத்துக்கொண்டான். பரீட்சை லீவு என்பதால் நாள் முழுக்கக் கவனிக்க முடிந்தது. 'திங்கள் 10.10, கழற்றினார். 1.30, மாட்டினார். 3.05, கழற்றினார்' என்று கோடு போட்டு எழுதினான். ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக ஒரே வரி: 'நாள் முழுக்கப் போட்டிருந்தார்.' நான் கம்ப்யூட்டரைத் தொடாத ஒரே நாள் அது.

ஆடியாலஜிஸ்ட் அந்த நோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்ன விளக்கம் எளிமையானது. முதுமையில் முதலில் மங்குவது பெரும்பாலும் கீச்சுக் குரல் போன்ற உயர்ந்த ஒலிகள். 'ச', 'ஸ', 'ஃப' போன்ற எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் பெரியவர்கள், 'சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் விளங்கல' என்கிறார்கள். காது மெஷின் அந்த ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும்போது, அறையில் உள்ள காற்று இரைச்சலையும் சேர்த்தே தூக்கும். டிஜிட்டல் மெஷின் இரைச்சலைக் கொஞ்சம் வடிகட்டும், முழுசாக முடியாது. "பேச்சை உரக்கப் பேசுறதைவிட, பின்னால இருக்கிற சத்தத்தைக் குறைக்கிறதுதான் அவங்களுக்கு உதவி" என்றார்.

கம்ப்யூட்டரை வேறு அறைக்கு மாற்றலாமே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கும் இன்னொரு அறையில் நெல் மூட்டையும் பீரோவும் போக, ஒரு ஆள் படுக்கத்தான் இடம். ஆக, சத்தத்தைத்தான் குறைத்தாக வேண்டும்.

புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் தம்பி ஒருவரை வரச்சொன்னேன். கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதுமே அவர் சிரித்தார். கலர் கலராக விளக்கு எரியும் ஃபேன்கள் நான்கு. நான்கின் வயரும் மதர்போர்டுக்குப் போகாமல், கரன்ட் சப்ளை செய்யும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் நேராகச் செருகப்பட்டிருந்தன. "இந்த வண்டிக்கு ஆக்சிலேட்டரே இல்லக்கா. ஸ்விட்ச் போட்டா டாப் கியர்தான்" என்றார். நான் ஒரு பெயரை டைப் செய்தாலும், 40 பக்க ஆல்பத்தை எக்ஸ்போர்ட் செய்தாலும், 12 வோல்ட் முழுசாகப் போய் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. விலை குறைந்த பல கேபினட்டுகளில் ஃபேன்கள் இப்படித்தான் வருகின்றன.

ஃபேனின் வயரைப் பார்த்தே அதை அடக்க முடியுமா என்று சொல்லிவிடலாம். மூன்று வயர் உள்ள ஃபேன் மதர்போர்டில் செருகப்பட்டால், வோல்டேஜைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம். நான்கு வயர் ஃபேன் இன்னும் வசதி. அதற்கு 12 வோல்ட் எப்போதும் போகும். நான்காவது வயர் வழியாக, 'இவ்வளவு வேகம் போதும்' என்ற கட்டளை, நொடிக்குச் சுமார் 25,000 துடிப்புகளாகப் போகும். மனிதக் காதுக்கு எட்டும் எல்லை 20,000 வரைதான் என்பதால், அந்தத் துடிப்பு யாருக்கும் கேட்காது.

நான்கு ஃபேனையும் கழற்றிவிட்டு, நான்கு வயர் உள்ள 120 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு மட்டும் போட்டோம். முன்பக்கம் ஒன்று காற்றை உள்ளே இழுக்கும், பின்பக்கம் ஒன்று வெளியே தள்ளும். ஒவ்வொன்றையும் மதர்போர்டில் தனித்தனி இடத்தில் செருகினார். ஒரே இடத்தில் பல ஃபேன்களைச் சேர்த்து மாட்டக்கூடாதாம். பெரும்பாலான போர்டுகளில் ஒரு இணைப்பு தாங்குவது 1 ஆம்பியர்தான்.

வேகத்தைக் குறைப்பதில் ஒரு லாபக் கணக்கு இருக்கிறது. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் ஏறக்குறைய பாதியாகும். ஆனால், சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கிவிடும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதியாகக் கேட்டதுபோல இருக்கும். காற்றில் இழப்பதைவிட அமைதியில் கிடைப்பது அதிகம். டைப்பிங், பிரவுசிங் போன்ற வேலைகளுக்கு அந்தப் பாதிக் காற்றே தாராளம்.

வேகத்தை எந்தச் சூட்டில் எவ்வளவு வைப்பது என்பதை பயாஸ் செட்டிங்கில் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலிட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலான போர்டுகளில் அந்தத் திரை வரும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறினாலும், ஃபேன் என்ற சொல் அதில் எங்கேயாவது இருக்கும். நாங்கள் வைத்தது இது: பிராசசர் 50 டிகிரி வரை 35 சதவிகித வேகம், 65-ல் 55, 75-ல் 75, 85 டிகிரியைத் தொட்டால் முழு வேகம். பல பிராசசர்கள் 100 டிகிரியை ஒட்டித்தான் தம்மைக் காத்துக்கொள்ள வேலையைக் குறைக்கும். அதற்கு முன்பே ஃபேன் முழுசாக எழுந்துவிட வேண்டும் என்பது கணக்கு. நம் ஊர் சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும். எந்த ஃபேனாலும் அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. ஆகவே, கோடையில் கொஞ்சம் கூடுதல் வேகம் தவிர்க்க முடியாதது.

முதல் நாள் ஒரு புதுத் தொல்லை. ஒரு போட்டோவைத் திறந்தால் சூடு சட்டென்று ஏறும், ஃபேன் 'உய்ங்' என்று எழும், உடனே அடங்கும். திறக்கத் திறக்க இதே கதை. ஒரே சீராக இருக்கும் சத்தத்தைவிட ஏறி இறங்கும் சத்தம்தான் கவனத்தைப் பிடித்து இழுக்கிறது. அதே செட்டிங்கில், சூடு ஏறிய பிறகு சில நொடி பொறுத்து வேகத்தை மாற்றும்படி ஒரு வசதி இருந்தது. அதைக் கூட்டி வைத்ததும் ஃபேன் பதற்றத்தை விட்டது.

இத்தனைக்குப் பிறகும் மெலிதாக ஒரு 'ம்ம்ம்...' மிச்சமிருந்தது. எங்கள் மாவட்டத்துச் சித்தன்னவாசல் அறிவர் கோயிலுக்குப் போனவர்களுக்கு இது எளிதாகப் புரியும். அந்தக் குடைவரையின் கருவறையில் நின்று மெல்ல 'ம்ம்' என்று இழுத்தால், சுருதி சரியாகப் பொருந்தும் இடத்தில் அறை முழுக்க ரீங்காரமாக நிறையும். குரல் சின்னதுதான், பெரிதாக்குவது அறை. கேபினட்டின் தகடும் அதையேதான் செய்கிறது. ஃபேனின் சின்ன அதிர்வைத் தகடு வாங்கிப் பெரிதாக்கும். ஓடும்போது தகட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றம் தகட்டில். பழைய சைக்கிள் டியூபை நறுக்கி, தகடு உட்காரும் விளிம்பில் ஒட்டினோம். மர மேஜையும் வீணைக் குடம்போல ஒலியைப் பெருக்கும் என்பதால், கேபினட்டின் நான்கு காலுக்கும் கீழே ரப்பர் துண்டு வைத்தோம். அடியில் காற்று இழுக்கும் துளை இருந்தால் மட்டும் அதை மறைத்துவிடாதீர்கள்.

கடைசியாகத் தூசி. எங்கள் பக்கத்துச் செம்மண் புழுதி ஜன்னலைச் சாத்தினாலும் வரும். தூசி அடைத்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் ஃபேன் கத்தும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெயின்ட் பிரஷ்ஷால் துடைக்கிறேன். ப்ளோயர் அடிப்பதாக இருந்தால், இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தாறுமாறான வேகத்தில் சுற்றி பேரிங் கெட்டுவிடும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

மொத்தச் செலவு, இரண்டு ஃபேனும் தம்பியின் கூலியும் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கலர் விளக்கு போனதில் மகனுக்கு மட்டும் வருத்தம்.

ஒலி மாசு குறித்து 2000-ம் ஆண்டில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை இருக்கிறது. அது ஊர்ச் சத்தத்துக்கு. வீட்டுக்குள் நாமே ஓடவிடும் சத்தத்துக்கு விதி போட யாரும் வரமாட்டார்கள். வீட்டிலேயே நன்றாகக் காது கேட்பவர் அந்த எல்லையை முடிவு செய்தால், காது கேளாதவர் வாய் திறக்காமல் ஒதுங்கிப் போய்விடுகிறார். அத்தை ஒருநாளும், 'அந்தப் பெட்டியை நிறுத்து' என்று சொன்னதில்லை. மருமகளின் பிழைப்பு அதில் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். அதனால் தன் காதைக் கழற்றி டப்பாவில் வைத்தார்.

உங்கள் வீட்டிலும் ஒரு காது மெஷின் டப்பாவில் தூங்கிக்கொண்டிருந்தால், அது கழற்றப்படும் நேரத்தை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். டேபிள் ஃபேனோ, கூலரோ, டி.வி.யோ, அந்த நேரத்தில் ஓடுவது எது என்று தெரிந்துவிடும்.

அத்தை இப்போது காலையில் மாட்டினால் படுக்கப் போகும்போதுதான் கழற்றுகிறார். போன வாரம் நான் ஆல்பம் ஒன்றை எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வீடியோ காலில் தாயும் மகனும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். பலா மரத்தில் எத்தனை காய் நிற்கிறது என்பதில் தொடங்கி, பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு மொய் எவ்வளவு செய்வது என்பது வரை போயிற்று. 'நாளைக்கு வேலைக்குப் போற மனுஷன், இன்னும் தூங்கல' என்று நான் எனக்குள் முணுமுணுத்தேன்.

அத்தை திரும்பிப் பார்த்தார். "கேக்குதுத்தா" என்றார்.