யாரால்?

ஆங்கில வகுப்பில் சுற்றுச்சூழல் விஷயங்களையும் சேர்த்துக் கற்பிக்க விரும்புவதாகவும், அதற்கு நான் யோசனை சொல்ல வேண்டும் என்றும் ஓர் இளம் ஆசிரியை எழுதியிருக்கிறார். நாவல் எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? நானும் இரண்டு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன் என்பது எப்படியோ அவருக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் யோசனை ஒன்றும் இல்லை. பழைய தப்பு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

1994-ம் வருஷம். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே ஒரு பள்ளிக்கூடம். பின்புறம் பாலாறு. ஆறு என்று பேர்தான். மழை நாள் போக மற்ற நாளெல்லாம் மணல், மணலுக்கு நடுவே டேனரிகளின் கழிவுநீர். ஆவாரம் பட்டையில் தோலை ஊறவைத்த காலம் போய்க் குரோமியம் வந்திருந்தது. கிணறுகள் உப்புக் கரித்தன. மத்தியான்னம் காற்று திரும்பினால் வகுப்பில் ஜன்னலைச் சாத்த வேண்டும். சாத்திவிட்டுத்தான் நான் 'பொல்யூஷன்' பாடம் நடத்தினேன்.

சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. மரம் நடுவோம், நீரைக் காப்போம் என்று பையன்கள் இங்கிலீஷில் கடகடவென்று ஒப்பித்தார்கள். அந்நிய பாஷையில் ஒரு சௌகரியம் உண்டு; அதில் எதைச் சொன்னாலும் சுடாது. 'ஆறு நாறுது' என்று சொல்கிற பையன் மூக்கைப் பிடித்துக்கொள்வான். அவனே 'தி ரிவர் இஸ் பொல்யூட்டட்' என்று சொல்லும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று, அந்த வாக்கியத்தை வைத்தே செயப்பாட்டுவினையும் நடத்தினேன். 'சோறு என்னால் உண்ணப்பட்டது' என்று நம் வீட்டில் யார் பேசுகிறார்கள்? பையன்கள் திணறினார்கள். செய்தவனை 'பை' போட்டுக் கடைசியில் சொல்லலாம், அவன் யாரென்று எல்லாருக்கும் தெரிந்திருந்தால் விட்டுவிடலாம் என்று இலக்கணப் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "அப்ப, ஆத்தைக் கெடுத்தது யாருன்னு எல்லாருக்கும் தெரியுமா சார்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, 'பை' போட்டு ஐந்து வாக்கியம் எழுதி வரச் சொன்னேன்.

மறுநாள் அவன் நோட்டில் முதல் வாக்கியம்: 'தி ரிவர் இஸ் பொல்யூட்டட் பை மை ஃபாதர்.'

கூப்பிட்டுக் கேட்டேன். "தொட்டித் தண்ணியைத் திறந்து வுடறது எங்கப்பாதான் சார். ராத்திரி ஷிஃப்டு" என்றான். முகத்தில் குறும்பு இல்லை, வருத்தமும் இல்லை. கேட்ட கேள்விக்கு விடை எழுதியிருக்கிறான், அவ்வளவுதான்.

நோட்டு நாலு பேர் கண்ணில் பட்டால் அப்பாவின் வேலைக்கு ஆபத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். திறந்துவிடச் சொன்னவர் யார், அந்தத் தோலையே செருப்பாக மாட்டிக்கொண்டு நிற்கிற நான் யார் என்றெல்லாம் அவனோடு பேச எனக்குத் தைரியம் இல்லை என்பது மீதிப் பாதி. 'மை ஃபாதர்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'பீப்பிள்' என்று எழுதி, பக்கத்தில் 'குட்' போட்டேன்.

"தப்பா சார்?"

"இலக்கணம் சரிதான்."

"அப்புறம் ஏன் சார் அடிச்சீங்க?"

அந்தச் சமயம் மணி அடித்தது என்று எழுத ஆசைதான், அடிக்கவில்லை. "போய் உட்காரு" என்றேன்.

1996 ஆகஸ்டில் டேனரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது நான் வேறு ஊரில் இருந்தேன். டேனரி வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனதைத் தீர்ப்பு குறிப்பிட்டது. மாசுபடுத்திய தொழிற்சாலைகளே ஈடு செய்ய வேண்டும் என்றது. தொட்டியைத் திறந்துவிட்ட கூலிக்காரனை அது கேட்கவில்லை. என் திருத்தமும் அப்படி இருந்திருக்கலாம்: 'பீப்பிள்' அல்ல, 'டேனரி'. பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, இருவருமாகத் தேடிக் கண்டுபிடித்திருக்கலாம். ஆசிரியைக்கு இதைத்தான் எழுதப் போகிறேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. நான் ஊரை விட்டுக் கிளம்புகிற வாரம் அவன் அப்பா ஏதோ கையெழுத்துக்காகப் பள்ளிக்கூடம் வந்தார். சுண்ணாம்பில் வெந்த விரல்கள். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"பையன் இங்கிலீஷு எப்படிங்க சார்?"

"நன்றாக எழுதுகிறான்."

"எதைப் பத்தி எழுதறான்?"

"ஆற்றைப் பற்றி" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "நல்ல ஆறுங்க சார் அது. நாங்க சின்னப் பசங்களா இருந்தப்ப ஊத்து தோண்டிக் குடிச்சிருக்கோம்" என்றார்.