சோயாக் கறியும் ஒரு குளிசையும்

சனிக்கிழமை தோறும் எங்கள் வீட்டில் சோயா மீற் கறி சமைப்பது வழக்கம். பெயரில்தான் இறைச்சி, உள்ளே இருப்பது எண்ணெய் நீக்கிய சோயா மா. சென்ற மாதம் ஒருநாள், உயர்தர வகுப்பில் படிக்கும் மகன் கோப்பையை அப்பால் தள்ளினான். "அப்பா, இதில் பெண்களுக்குரிய ஓமோன் உண்டாம், ஆண்மை குன்றிவிடுமாம்" என்றான். சிரித்து ஒதுக்க மனம் வரவில்லை.

அவ்வச்சம் வேரற்றதன்று. 1940களில் மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவர்ச் செடியை மேய்ந்த செம்மறிகள் மலடாயின. அச்செடியில் ஈஸ்திரோசனை ஒத்த பொருள்கள் இருந்தன. சோயா அவரையிலுள்ள ஐசோபிளேவோன்களும் அவ்வினத்தனவே. ஆயினும் ஒத்திருத்தல் வேறு, அதுவாகவே இருத்தல் வேறு அன்றோ! அவற்றின் வலிமை மிகச் சொற்பம். ஆண்களிடம் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான கட்டுரை, சோயாவினால் தெஸ்தோஸ்தரோன் ஓமோன் குறையவில்லை என்றே கூறிற்று. இதனைக் கேட்டதும் மகன் கோப்பையைத் தன்பால் இழுத்துக்கொண்டான்.

நான் கவனியாது விட்டது வேறொன்று. என் மனைவி தைரொயிட்டுக் குறைபாட்டுக்காகத் தைரொக்சின் குளிசை எடுப்பவள். சில மாதங்களாக அதனைக் காலையில் சோயாப் பாலுடன் விழுங்கி வந்தாள். பழைய சோர்வு மீண்டும் தலைகாட்டிற்று. வயதின் குற்றம் என்றிருந்தோம். அம்மருந்தைக் குடல் உறிஞ்சுவதைச் சோயா தடுக்கக்கூடும் என்பதை வைத்தியர் சொல்லியே அறிந்தோம். இப்பொழுது விடியலில் வெறுவயிற்றில் தண்ணீருடன் குளிசை. நான்கு மணித்தியாலம் கழிந்த பின்னரே சோயா. அடுத்த மாதம் மறுபடியும் இரத்தப் பரிசோதனை இருக்கிறது.