‘கட்டாயம்’ வேற, ‘இருந்தா நல்லது’ வேற



எஸ்.பி.எம். முடிச்ச பிள்ளைங்க யூபியூ விண்ணப்பம் போடுற நேரம் வந்தா, அன்னதானத்துக்குக் காய் வெட்டுற இடத்துலகூட இதே பேச்சுதான். ஒரு பிள்ளை நல்ல ரிசல்ட் வச்சிக்கிட்டு விண்ணப்பமே போடலை. ஏம்மான்னு கேட்டோம். “தலைமைத்துவம், பேச்சுத்திறன், கம்ப்யூட்டர் திறன்லாம் போட்டிருக்காங்க அங்கிள். எனக்கு ஒன்னும் இல்லையே”ன்னு சொல்லுச்சு. நம்ம பெத்தவங்க தோட்டத்துல விடியக்காலை பெரட்டுக்குப் போய் நின்னா போதும், வேலை உண்டு. இந்த மாதிரி தாளைப் படிக்கிற பழக்கம் நம்ம வீடுகள்ல இப்பத்தான் வருது. அதனால எழுதுறோம்.

நாங்க எஸ்.பி.எம். வரைக்கும்தான். ஆனா தொழிற்சாலையில ஆள் எடுக்குற விளம்பரம் நிறைய பார்த்திருக்கோம். ‘வாஜிப்’னு போட்டிருந்தா, அது இல்லாதவரைக் கூப்பிட மாட்டாங்க. ‘கெலெபிஹான்’னு போட்டிருந்தா, இல்லாதவரும் வரலாம். ரெண்டு பேர் சமமா நின்னா, ஃபோர்க்லிஃப்ட் லைசன்ஸ் உள்ளவர் முந்துவார். கல்லூரித் தாளையும் இப்படித்தான் பிரிச்சுப் படிக்கணும்.

முதலாவது, கட்டாயம். மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லேன்னா எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. அதுக்கு மேல ஒவ்வொரு படிப்புக்கும் தனி நிபந்தனை: இன்ன பாடத்துல கிரெடிட் வேணும், சிலதுக்கு நிறக்குருடு இருக்கக் கூடாது. இதுல ஒன்னு குறைஞ்சாலும் முருகன்கிட்ட வேண்டிப் பயனில்லை. வேற படிப்பு பார்க்கணும்.

இரண்டாவது, மெரிட். பல்கலைக்கழகத்துக்கு 100-ல 90 பாடத்துக்கு, 10 புறப்பாட நடவடிக்கைக்கு. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு இதுல இருந்துதான் அந்த 10 வருது. பிள்ளைங்க ரிசல்ட் நெருக்கமா இருக்கும்போது இந்த 10 தான் ஆளைத் தள்ளும். கேம்ப் வேணாம், டியூஷனுக்குப் போன்னு சொல்ற பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். ஐந்தாம் படிவத்துல ஓடிப் பயனில்லை, முதல் படிவத்துலயே சேர்த்து விடுங்க.

மூணாவதுதான் அந்தப் பிள்ளை பயந்தது: தலைமைத்துவம், பேச்சு மாதிரி ‘டிகாலாக்கான்’, அதாவது இருந்தா நல்லது. இது இல்லேன்னு விண்ணப்பம் போடாம இருக்கவே கூடாது. அதே நேரம், தேவையில்லைன்னு தள்ளவும் கூடாது. நேர்காணல் உள்ள படிப்புல இதைத்தான் தோண்டிக் கேட்பாங்க.

தைப்பூசத்துல கல்லுமலையில தண்ணீர்ப் பந்தல் பார்த்த பிள்ளைங்ககிட்ட இந்தத் திறன் இல்லையா என்ன? பள்ளியில பதிவாகாத சேவை அந்த 10-ல தானா ஏறாது. ஆனா நேர்காணல்ல சொல்லலாம். “கோயில்ல சேவை செஞ்சேன்”னு மட்டும் சொன்னா பத்தாது. எத்தனை பேரை வச்சு நடத்தினோம், கூட்டம் நெருக்கினப்போ வரிசையை எப்படிப் பிரிச்சோம்னு மலாயில ரெண்டு நிமிஷம் சொல்லப் பழகணும்.

இன்னொன்னு, யூபியூன்னா பல்கலைக்கழகம் மட்டும் இல்லை. போலிடெக்னிக்கும் அதே வழிதான். 1969-ல தொடங்கின நாட்டின் முதல் போலிடெக்னிக், உங்கு ஓமார், நம்ம ஈப்போவுலதான் இருக்கு.

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் மண்டபத்துல உட்கார்ந்திருப்போம். ரிசல்ட் தாளோட பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க. ஒவ்வொரு வரியா கூடவே படிச்சுப் பார்ப்போம்.

முருகா சரணம்.