பூட்டாத கதவுகள்

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கோவன் பகுதியிலே கப்பல் கட்டும் தொழிலாளியின் மகனாக வளர்ந்த முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். ஓரறை வீடு, படிக்கட்டருகே பல குடும்பங்களுக்கும் பொதுவான மலசலகூடம், ஆயினும், பொதுச் சலவைக்கூடத்தில் ஒலித்த அன்னையரின் சிரிப்பை நினைந்து அவர் உருகினார்.

“அன்று எவரும் கதவைப் பூட்டியதில்லை” என்றார். பூட்டிக் காக்க அங்கு என்னதான் இருந்தது என்று என் மனம் ஏளனஞ் செய்தது.

பின்னர், 2018இல் அங்கு நிறுவப்பெற்ற மேரி பார்பரின் சிலையருகே நின்றோம். 1915இல் வாடகை உயர்வை எதிர்த்து அவர் திரட்டிய பெண்கள், மணியடித்து அயலாரை அழைத்து, குடிகளை வெளியேற்ற வந்தோரைப் படிக்கட்டுகளிலே மறித்தனர். அவ்வாண்டிலேயே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது.

பூட்டாத கதவின் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. வறுமையை எதிர்க்க மக்கள் தாமே அமைத்த அரண் அது. என் ஏளனத்துக்காக நாணினேன்.